பாலர் பள்ளியும் அதன் சட்டங்களும்

சிலாபக் கரையோரத்திலே கத்தோலிக்க ஆலயம் உள்ள இடத்திற் பெரும்பாலும் ஒரு பாலர் பள்ளியும் உண்டு. ஆலய மண்டபத்தின் ஒரு பக்கமோ, கன்னியர் மடத்தின் விறாந்தையோ, ஓடு வேய்ந்த சிறு கட்டடமோ அதற்கு இடமாக அமையும். பிள்ளையைச் சேர்க்க வரும் தாயின் கையிலே ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. நகம் வெட்டியிருத்தல் வேண்டும். தலையிலே பேன் இருத்தலாகாது. காய்ச்சல், சின்னமுத்து, கண்ணோய் கண்ட பிள்ளையை அனுப்பலாகாது. தடையூசி போட்ட பதிவைக் காட்டுதல் வேண்டும். மணி அடிக்குமுன் வருதல் வேண்டும். பெயர் குறிக்கப்பட்டவரன்றிப் பிறர் வந்து பிள்ளையை அழைத்துச் செல்லலாகாது. அடிக்கும், கடிக்கும், அடங்காத பிள்ளையை வைத்திருக்க இயலாது. மாதக் கட்டணம் இன்ன தேதிக்குள் செலுத்தப்படல் வேண்டும். தாளின் அடியிலே பெற்றோரின் கையொப்பத்துக்கு ஒரு கோடு இருக்கும். பள்ளியை நடத்துவோர் கையொப்பமிடுவதற்குக் கோடு இராது.

இத்தகைய தாள் ஆலயப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. கோயிலை அடுத்த பள்ளியிலும், பள்ளிவாசலை அடுத்த பள்ளியிலும், கட்டணம் வாங்கும் தனியார் ‘நேர்சரி’யிலும் ஏறக்குறைய இதே வாசகங்களைக் காணலாம். அவற்றுட் பல நியாயமானவை என்பதிலே எமக்கு ஐயமில்லை. சின்னமுத்துக் கண்ட பிள்ளையை இருபது பிள்ளைகளின் நடுவே இருத்துவது அறிவுடைமையன்று. ஆயின், ஒரு சட்டத்தைப் படிக்கும்போது அது என்ன சொல்கிறது என்பதோடு, அது யாரை நோக்கிச் சொல்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும். மேலே கண்ட சட்டங்கள் அனைத்தும் பிள்ளையையும் தாயையும் நோக்கியே நிற்கின்றன. பாலர் கல்வியின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அது தொடங்கியபோது இப்படி இருக்கவில்லை என்பது தெரியவரும்.

1816 ஆம் ஆண்டு தைத் திங்கள் முதலாம் நாள், ஸ்கொத்லாந்திலே நியூ லனார்க் என்னும் பஞ்சாலைக் கிராமத்தில், ஆலை முதலாளியான றொபேட் ஓவன் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கக் கற்ற பிள்ளைகள் கூட அங்கே சேர்க்கப்பட்டனர். சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியராக அவர் தேர்ந்தெடுத்தவர் யேம்ஸ் புக்கானன் என்னும் கைத்தறி நெசவாளி. படிப்பு மிகக் குறைவு, பொறுமை மிக அதிகம். அவருக்குத் துணையாகப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. ஓவன் இவ்விருவருக்கும் இட்ட முதற் கட்டளை, எக்காரணங் கொண்டும் பிள்ளையை அடிக்கலாகாது, சொல்லாலோ செயலாலோ அச்சுறுத்தலாகாது, எப்பொழுதும் இனிய குரலிற் பேசுதல் வேண்டும் என்பதாகும். அப்பள்ளியின் முதற் சட்டம் ஆசிரியருக்கு இடப்பட்ட சட்டம். பிள்ளைக்கு இடப்பட்டது, கூடி விளையாடும் தோழரை மகிழ்வித்தல் வேண்டும் என்பது மட்டுமே.

ஓவனைத் தேவதூதராக்குவது எமது நோக்கமன்று. தாய்மார் ஆலைக்குச் செல்லப் பிள்ளைகளுக்கு ஓரிடம் வேண்டும் என்ற கணக்கும் அங்கே இருந்தது. எனினும், அவர் வழியைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு இங்கிலாந்தெங்கும் தோன்றிய சங்கங்களும் சபைகளும் செய்த மாற்றத்தை ஈண்டு நோக்குதல் வேண்டும். பிள்ளைகள் படிப்படியாக அமைந்த மேடைகளிலே வரிசை வரிசையாக இருத்தப்பட்டனர், மனப்பாடம் வந்தது, அசையாதிருத்தல் ஒழுக்கமாயிற்று. ஜெர்மனியிலே பிறிதொரு கதை. 1837 இல் பிளாங்கன்பேர்க்கிலே தம் முயற்சியைத் தொடங்கி, 1840 இல் அதற்குச் சிறுவர் பூங்கா என்று பொருள்படும் ‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் பெயரைச் சூட்டினார் பிரெடறிக் புரோபல். 1851 இல் பிரஷிய அரசு அப்பள்ளிகளைத் தடைசெய்தது. நாத்திகமும் சமவுடைமையும் அங்கே போதிக்கப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு; அதிலும், சமவுடைமை பற்றி எழுதியவர் புரோபலின் உறவினரான மற்றொரு புரோபல். மூன்று வயதுப் பிள்ளைகள் நூற்பந்தை உருட்டி விளையாடியதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது! 1860 இலேதான் தடை நீங்கியது. புரோபல் 1852 இலேயே காலமாகிவிட்டார்.

எம் நாட்டிலே என்ன நடந்தது? பழைய திண்ணைப் பள்ளிகளை எண்ணி ஏங்குவோர் எம்மிடையே உளர். அவர்கள் கோதண்டத்தை மறந்துவிடுகின்றனர். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றிப் பிள்ளை தொங்க, கீழே பிரம்பு காத்திருக்கும் தண்டனை அது. பிந்தி வந்த ஒழுங்கின்படி அடியின் எண்ணிக்கை ஏறிச்செல்லும் பள்ளிகளும் இருந்தன. ஆதலின் அடியை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. அவன் கொண்டுவந்தது வேறொன்று: பதிவுப் புத்தகமும் தண்டப் பணமும். ஒல்லாந்தர் காலத்திலே கோவிற்பற்றுத்தோறும் பள்ளியும் ஆலயமும் ஒன்றாகவே இயங்கின. பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிந்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில், இக்கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பகலிலே ஒல்லாந்தரின் புரொட்டஸ்தாந்துப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி, இரவிலே 1687 இல் இலங்கை வந்த யோசேவ் வாஸ் சுவாமியார் போன்றோரின் மறைவான பூசைக்குப் போயின. பள்ளிச் சட்டம் பெற்றோரை அடக்கும் கருவியாவதை இன்றைய கத்தோலிக்கரின் முன்னோரே நன்கு அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் காலத்திலே தண்டத்தோடு நன்கொடையும் சேர்ந்தது. 1869 இற் பொதுப் போதனைப் பகுதி அமைக்கப்பட்டபின், மிஷன் பள்ளிகளுக்கு வரவையும் பரீட்சைப் பேற்றையும் கணக்கிட்டுப் பணம் கொடுக்கும் முறை வந்தது. வராத பிள்ளை பள்ளிக்கு நட்டம். மந்தமான பிள்ளை பெரு நட்டம். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பள்ளிகள் சட்டம் பிள்ளையை அனுப்பும் கடமையைப் பெற்றோர் மேற் சுமத்தியது. அப்பிள்ளை வயிற்றிலே என்னத்தை வைத்துக்கொண்டு வரும் என்பதைப் பற்றிப் பெற்றோரைத் தவிர வேறெவரும் கவலைகொண்டதாகத் தெரியவில்லை.

அதே 1907 ஆம் ஆண்டு தை மாதத்திலேதான் ரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் ஏழைகளின் பகுதியில் மரியா மொண்டிசோரி அம்மையார் தம் முதலாவது ‘பிள்ளைகள் வீட்டை’த் திறந்தார். எம்மவர் பாலர் பள்ளியையே ‘மொண்டிசோரி’ என்று வழங்கும் அளவுக்கு அப்பெயர் இந்நாட்டில் வேரூன்றிவிட்டமையால், அவ்வீட்டின் சட்டங்களைச் சற்று விரிவாகவே நோக்கலாம். அதை அமைக்கப் பணம் கொடுத்தது, தொழிலாளர் குடியிருப்புகளைத் திருத்தி வாடகைக்கு விட்ட ஒரு கட்டடக் கம்பனி. தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின் தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பழுதாக்குகின்றனர் என்பதே கம்பனியின் கவலை. பிள்ளைகளைப் பராமரிக்கும் செலவு சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவிலும் குறைவு என்று கணக்குப் பார்த்தார்கள். அவ்வீட்டின் சட்டத்தாள் சுவரிலே தொங்கியது. தாய்மார் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஆயின் பிள்ளையைக் குறித்த நேரத்தில், உடலும் உடையும் தூயனவாய், ஏற்ற மேலங்கியோடு அனுப்புதல் வேண்டும். நடத்தும் அம்மையாருக்கு மிகுந்த மரியாதை காட்டுதல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையேனும் அவரைச் சந்தித்தல் வேண்டும். கழுவாது வரும் பிள்ளையும், திருத்த முடியாத பிள்ளையும், மரியாதை காட்டாத பெற்றோரின் பிள்ளையும் நீக்கப்படுவர்.

கதவுக்கு வெளியே இச்சட்டம். உள்ளேயோ முற்றிலும் வேறான உலகம். பிள்ளையின் உயரத்துக்கு அமைந்த மேசையும் கதிரையும், பிள்ளையே எடுத்துப் பிள்ளையே திரும்ப வைக்கும் பொருள்கள், தண்டனையும் பரிசும் இல்லாத ஒழுங்கு. வைத்தியரான அவ்வம்மையார் கண்ட உண்மை, பிள்ளையின் அடங்காமை எனப்படுவது பெரும்பாலும் பிள்ளைக்குப் பொருந்தாத இடத்தின் குற்றம் என்பதாகும். 1939 இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்த காலத்தை இந்தியாவிலே கழித்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். கன்னியர் மடங்களும் அம்முறையை ஆவலோடு ஏற்றன. ஆயின் பொதுவாக இந்நாட்டிலே நிலைத்தவை மேலங்கியும், மணிச்சட்டமும், கதவிலே தொங்கிய தாளுமேயாகும். கதிரை மட்டும் சின்னதாயிற்று என்று சொல்லலாம்.

பிள்ளையின் சுகாதாரம் என்பது நகமும் கைக்குட்டையுமா என்பதற்குச் சிலாபம் ஒரு கொடிய பாடத்தைக் கண்டது. 1934 இல் மழை பொய்த்தது. குருநாகலின் மலைச்சாரல்களிலிருந்து வந்து சிலாபத்துக்கருகே கடலிற் கலக்கும் தெதுறு ஓயா, ஓட்டம் நின்று குட்டை குட்டையாயிற்று. மகா ஓயாவும் அவ்வாறே. தெளிந்த குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியிலே தொடங்கிய காய்ச்சல் 1935 இன் முற்பகுதிவரை குருநாகல், கேகாலை, சிலாபம் முதலிய பகுதிகளிலே வீடு வீடாகப் புகுந்தது. மாண்டவர் ஏறக்குறைய 80,000 பேர் என்பர். அவ்வாண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதை எட்டவில்லை. நான்கிலே ஒன்றுக்கும் மேல்!

நுளம்பு எல்லோரையுந்தான் கடித்தது. இறந்தவரோ பெரும்பாலும் ஏழைகள். உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காயின் விலையும் கொப்பறாவின் விலையும் வீழ்ந்து, தோட்டத்திலே கூலியில்லாமற் சில ஆண்டுகள் பட்டினி கிடந்த உடல்கள் அவை. அரசாங்கம் கொய்னா கொடுத்தது. அக்காலத்திலே சூரியமல் இயக்கம் என்ற பெயரில் இளம் இடதுசாரிகள் சிலர் நிவாரண வேலைக்குப் புறப்பட்டனர். 1933 இல், பிரித்தானியப் படைவீரரின் நிதிக்கென விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்கு எதிராகச் சூரியப் பூவை விற்கத் தொடங்கியவர்கள் அவர்கள். ஆசிரியையான டொறீன் அம்மையார், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலியோர் கேகாலைப் பகுதிக் கிராமங்களில் நடந்தபோது கண்டது, கொய்னாவை விழுங்கியவனும் பசியால் இறக்கிறான் என்பதாகும். வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் ‘மார்மைற்’ என்னும் சத்துணவை உருண்டைகளாக்கி மருந்தோடு கொடுக்கச் செய்தார். நாட்டு வைத்தியரின் குளிசை போலிருந்தமையால் மக்கள் அதைத் தயங்காது உண்டனர். 1935 மார்கழியிலே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததும், 1936 இல் என். எம். பெரேரா றுவான்வெல்லைத் தொகுதியில் வென்றதும் இக்கிராமங்களின் நன்றியை எண்ணாமல் விளங்கிக்கொள்ளத்தக்கன அல்ல.

கரையோரக் கன்னியர் மடங்களின் தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் தலைமாட்டில் இருந்த கன்னியாஸ்திரி, கட்சி எதனையும் சாராதவளாயினும், எம் வணக்கத்துக்கு உரியவளே. ஆனால் ஒருவரது கருணை, அது எவ்வளவு தூயதாயினும், 263 ஐக் குறைக்கவில்லை. 1946 இல் அத்தொகை 141; 1947 இல் 101. டீ.டீ.ரீ. தெளிப்பும், வீடு தேடி வரும் மருத்துவமாதும், அரசாங்க வைத்தியசாலையும், உணவுப் பங்கீடும், இலவசக் கல்வியும் சேர்ந்து செய்த வேலை அது. 2016 புரட்டாதியிலே இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதாரத் தாபனம் பிரகடனஞ் செய்தது. இடையே 1963 இற் பதினேழு நோயாளரே இருந்த நிலையில் அசட்டை புகுந்தமையால், 1968 இல் நோய் மீண்டும் பல இலட்சமாகப் பெருகியதை மறத்தலாகாது. காவலைக் கைவிட்ட பிழை அரசினுடையது. அதற்கு விலை கொடுத்தது நீரருகே குடியிருந்த பிள்ளை. இன்று ஆலயப் பள்ளியின் தாளிலே ‘தடையூசி போட்ட பதிவைக் காட்டுக’ என்று எழுத முடிகிறதெனின், அப்பதிவை ஒவ்வோர் ஏழைத் தாயின் கையிலும் இலவசமாகக் கொடுத்த ஏற்பாடு ஒன்று பின்னே நிற்பதே அதற்குக் காரணம். நடைமுறைப்படுத்த வழிசெய்தபின் இடப்பட்ட சட்டம் அது. நகத்தையும் பேனையும் பற்றிய சட்டத்தின் பின்னே குழாய்நீர் இருக்கிறதா என்பதை எத்தனை பள்ளிகள் விசாரித்தன?

சிலாபம் 1939 தை மாதத்திலே கொழும்பு மேற்றிராசனத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாயிற்று. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பள்ளிகளை அரசின் கையிற் சேர்த்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களிலே பள்ளிகளுக்குள் குடியேறி மறியல் செய்தனர். பொதுப் பணத்தால் நடக்கும் பள்ளி பொதுவுக்கு உரியது என்பதே அன்றும் இன்றும் எம் கருத்து. ஆயின் அச்சட்டங்கள் விட்டுச் சென்ற ஓர் ஓட்டையைச் சொல்லாமல் விடலாகாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்காக அரசும் திருச்சபையும் வழக்காடின. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அவன் ஆலய மண்டபத்திலேயே இருந்துவிட்டான். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்துக்குப் பின் முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குச் சென்றது. 2004 இல் முன்பிள்ளைப் பருவ விருத்தி பற்றிய தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. இலவசக் கல்வி என்னும் பெருவரமோ இன்றும் முதலாம் வகுப்பின் வாசலிலேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள இரண்டு ஆண்டுகளுக்கு மீனவத் தாய் கட்டணம் செலுத்துகிறாள். அக்கட்டணத்தில் வாழவேண்டிய ஆசிரியைக்குப் பல இடங்களிலே ஒரு நாட் கூலியாளின் வருமானமும் இல்லை.

தாளிலே எழுதப்படாத ஒரு சட்டமும் உண்டு. எமது பகுதியைப் பொறுத்தவரை அதுவே எல்லாவற்றிலும் வலியது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம்வரை கடலோரக் கத்தோலிக்கரிற் பெரும் பகுதியினர் தமிழ் பேசியவர்கள். முதியோர் சிலரின் செபங்களிலும் கடற்றொழிற் சொற்களிலும் அத்தமிழ் பிற்காலத்தும் வாழ்ந்தது. மூன்று தலைமுறைகளுள் அவர்களுட் பலர் சிங்களம் பேசுவோராயினர். 1940 முதல் 1972 வரை சிலாப ஆயராக விளங்கிய எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை சரித்திரப் புலமை மிக்கவர். இம்மாற்றத்திலே அவருக்கிருந்த பங்கையும், கரையோரப் பள்ளிகளிற் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களமானதையும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். தாய்மொழியிற் கற்பித்தல் என்னும் நற்கொள்கை இலவசக் கல்வியோடு சேர்ந்து வந்ததே. ஆயின் ஒரு பிள்ளையின் தாய்மொழி எது என்பதைத் தாயிடம் கேளாமற் பிறர் தீர்மானித்தால், அக்கொள்கை தலைகீழாகிவிடுகிறது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் உத்தியோகம் தேடும் பெற்றோர் தாமாகவே மாறினர் என்பர். அதிலும் உண்மை உண்டு. பசி தானாக எடுக்கும் முடிவை விருப்பம் என்று சொல்லலாமானால்.

சிங்கள மொழியின்மீது எமக்குப் பகையில்லை. எம் மீனவரும் தென்னந் தோட்டத் தொழிலாளரும் இரு மொழியையும் பேசியே கடலுக்கும் கூலிக்கும் போகின்றனர்; முன்னேசுவரத்தின் வாசலிலே இரு மொழியிலும் நேர்த்திக்கடன் செலுத்தப்படுகிறது. நாம் பேசுவது மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி. “வயிறு நோகுது” என்று தாயிடம் சொல்லக் கற்ற பிள்ளை, அதை ஆசிரியைக்கு விளங்கும் மொழியிற் சொல்லத் தெரியாமல் விழித்து நிற்கிறது, ஆடையை நனைத்துவிடுகிறது, அது ‘ஒழுக்கக் குறைவு’ ஆகிறது. அடங்காத பிள்ளை, பேசாத பிள்ளை, மந்தமான பிள்ளை என்று எழுதப்படும் குறிப்புகளிலே எத்தனை மொழி தெரியாத பிள்ளைகள் அடங்கியிருக்கின்றன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று அதே இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டு வருகிறது. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் அந்த விழிப்பிலே சமமாகின்றனர். வடக்கே சில மைல் தூரத்திலுள்ள உடப்பிலோ, திரௌபதையம்மன் கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் அருகருகே நின்றமையால் மீனவரின் மொழி மாறவில்லை. கடலும் வலையும் ஒன்றே, பள்ளிதான் வேறு.

அடியைப் பற்றியும் ஒரு சொல். 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் சட்டம் பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து காக்கவே இயற்றப்பட்டது. ஆசிரியர் தண்டிக்கும் உரிமையை அச்சட்டமே பத்திரமாக எடுத்து வைத்தது. 1991 இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2005 இலும் 2016 இலும் கல்வி அமைச்சு சுற்றறிக்கைகளால் அடியைத் தடுத்தது. 2021 மாசியிலே, ஆசிரியர் அறைந்ததனாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது இழிவான நடத்துகை என்றும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறுவது என்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓவன் ஒரு நெசவாளிக்குச் சொன்னதை நீதிமன்றம் சொல்வதற்கு இருநூறு ஆண்டுகள் கழிந்தன. அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலை அதிபரின் மேசைக்குப் போகிறது. ஆலய மண்டபத்துக்குப் போவதில்லை. ‘அடிக்கும் பிள்ளையை வைத்திருக்க இயலாது’ என்று எழுதும் தாளிலே, அடிக்கும் ஆசிரியையை வைத்திருக்க இயலாது என்னும் வரியையும் சேர்த்தாலென்ன?

பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டிலே 2004 ஆடி 16 ஆம் நாள், கும்பகோணத்தில் நேர்சரியும் ஆரம்பப் பள்ளியும் ஒரே கட்டடத்தில் நெருக்கப்பட்டிருந்த இடத்திலே, மதிய உணவுச் சமையற்கட்டிற் பற்றிய நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவி மாடியிலிருந்த வகுப்புகளைச் சூழ்ந்தது. 94 பிள்ளைகள் மாண்டனர். இறங்குவதற்கு இருந்தது ஒரு குறுகிய படிக்கட்டு. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது மக்கள் போராடிப் பெற்ற நன்மை. ஓலைக் கூரையும் குறுகிய படியும் ஒருவர் மிச்சம் பிடித்த பணம். அக்கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது ஓர் உத்தியோகத்தரின் கையொப்பம். அன்று காலை அப்பிள்ளைகள் மணி அடிக்குமுன் வந்து, வரிசையாக இருந்து, சட்டம் கேட்டதையெல்லாம் செய்திருந்தார்கள்.

எம் கரையோரம் அத்தகைய நாளை 2019 சித்திரை 21 இற் கண்டது. உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலே புனித செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்பிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பில் மாண்டவருள் ஞாயிற்றுப் பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் அடங்குவர். அதன்பின் பள்ளி வாசல்களிலே தாய்மார் முறை வைத்துக் காவல் நின்றனர். நான்கு வயதுப் பிள்ளையின் சோற்றுப் பெட்டி திறந்து பார்க்கப்பட்டது. ஆனால் தாக்குதல் வரப்போகிறது என்ற அறிவித்தல் அவ்வாண்டு சித்திரை முற்பகுதியிலேயே மேலிடத்துக்குக் கிடைத்திருந்தது. 2023 தை 12 ஆம் நாள் உயர் நீதிமன்றம், கடமையிற் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் எனவும், பாதுகாப்புத் துறையின் முன்னாள் உயர் அதிகாரிகளும் செலுத்தவேண்டும் எனவும் கட்டளையிட்டது. சோற்றுப் பெட்டி குற்றவாளியன்று என்பது அவ்வாறு தீர்ப்பாயிற்று.

2019 வைகாசி 12 ஆம் நாள், எம் சிலாப நகரிலேயே, முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் எழுதிய ஆங்கில வாசகம் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் கல்லெறிக்கு இலக்காயின. ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் இம்மாவட்டத்துக் கொட்டாரமுல்லையிலே ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றைய கும்பலிலே நின்ற இளைஞரும் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கோ ஒரு பாலர் பள்ளியிலே கைகூப்பி ஒழுக்கம் கற்றவர்கள்தாம். யார் அருகே இருந்து கற்றார்கள் என்பதே கேள்வி. ஆலயத்துக்கொரு பள்ளி, கோயிலுக்கொரு பள்ளி, பள்ளிவாசலுக்கொரு பள்ளி என்று மூன்று வயதிலேயே பிரித்து இருத்தப்பட்ட பிள்ளைகள், பிறன் பிள்ளையின் சோற்றுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே வளர்கிறார்கள். ஒரே பங்கிலுள்ள எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்ளும் ஆலயப் பள்ளிகளும் இக்கரையோரத்திலே உள்ளன. அவற்றை நடத்தும் அருட்சகோதரிகள் நாம் இங்கே எழுதுவதிலும் பெரிய காரியத்தைச் செய்கின்றனர்.

அடுத்த ஆண்டுச் சேர்வின்போதும் இத்தாள்கள் கொடுக்கப்படும். எம் வாசகருட் பலர் ஆசிரியர். சிலர் அத்தாளிலே கையொப்பமிடப்போகும் பெற்றோர். கையொப்பமிடுமுன் மறுபக்கத்தைத் திருப்பி, அங்கே எழுத வேண்டியவற்றைப் பெற்றோர் கூட்டத்திற் கேட்கலாம். கட்டடத்துக்கு இரண்டு வாசல் உண்டா? பிள்ளையின் உயரத்துக்கு மலசலகூடமும் சவர்க்காரமும் உண்டா? ஆசிரியையின் மாத வேதனம் எவ்வளவு, அது மாதம் முடியுமுன் கிடைக்கிறதா? பிள்ளை அடிபட்டால் முறையிடுவது யாரிடம்? தமிழ் பேசும் பிள்ளைக்கு வயிறு நொந்தால் அதை விளங்கிக்கொள்ளும் ஒருவர் அங்கே இருக்கிறாரா? இவற்றைக் கேட்கத் தயங்குவோர், கிணற்றுக்கு மூடி உண்டா என்பதிலிருந்து தொடங்கலாம்.